எட்டு பத்துக்கு விழுந்த போட்டோ

"ஆ... ஆஆஆ!"

அலறல் மூன்று மாடிக்கும் கேட்டது.

காலை ஒன்பது முப்பத்திரண்டு.

பாட்டில்களுக்கும் டப்பாக்களுக்கும் லேபிள் டிசைன் செய்யும் சின்ன ஆபீஸ் அது. அதன் உள்ளறையில் ஒரு பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள்.

எதிரே முதலாளி.

மேஜையில் கவிழ்ந்து... கீ போர்டில் முகம் புதைத்து... பின்மண்டையில் ஒரு கை உள்ளே போகிற அளவுக்குப் பள்ளம்!

பக்கத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு இரும்பு ஸ்டேப்ளர். அதில் மயிரும் ரத்தமும் ஒட்டியிருந்தன. கைப்பிடியை மட்டும் யாரோ பெயிண்ட் கரைக்கும் தின்னர் போட்டு அக்கறையாகத் துடைத்திருந்தார்கள்.

செத்தவரின் மூக்கு ஒரே ஒரு எழுத்தை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. திரையில் அந்த எழுத்து பக்கம் பக்கமாக ஓடியது. நானூற்றுப் பதினெட்டாம் பக்கம்... நானூற்றுப் பத்தொன்பது...

சீ! வயிறு காலியாக இருக்கும்போது பார்க்கிற காட்சியா இது?

பத்து மணிக்குப் போலீஸ் வந்தது.

இன்ஸ்பெக்டருக்கு டிபார்ட்மெண்டில் வைத்த பெயர் 'சுளிப்பு'. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவர் முகம் நேராக இருந்து யாரும் பார்த்ததில்லை. பிணத்தைப் பார்த்தாலும் சுளிப்பார், புது மாப்பிள்ளையைப் பார்த்தாலும் சுளிப்பார்.

இன்றைக்கு அதற்கு வேலை நிறைய இருந்தது.

"என்னய்யா இது நாத்தம்?"

"தின்னர் சார்" என்றார் கான்ஸ்டபிள்.

"அது இல்லய்யா. அதுக்கு அடியில இன்னொண்ணு."

"வாஷ் பேசின் சார். கப்பெல்லாம் போன மாசத்துலேர்ந்து ஊறுது போல. உள்ள ஏதோ முளைச்சிருக்கு."

"தூ... மனுஷங்களாய்யா இவங்க? எப்ப செத்தாராம்?"

"எட்டுலேர்ந்து ஒன்பதுக்குள்ளன்னு டாக்டர் சொல்றார் சார்."

முன்னறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

சோபாவில் முதலாளியின் மனைவி. தகவல் கேட்டுப் பத்து மணிக்கு மேல் ஓடி வந்தவள். அழுகை என்றால் அப்படி ஒரு அழுகை. புடவைத் தலைப்பு பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது.

அவள் தோளைத் தட்டிக்கொண்டு அவளுடைய தம்பி. அந்த ஆபீஸின் சீனியர் டிசைனர். முதலாளி 'மச்சான்' என்று கூப்பிட்டதால் ஆபீஸே அவனை மச்சான் என்றுதான் கூப்பிட்டது.

மூலையில் அலறிய பெண். அவளும் டிசைனர்தான். புருஷன் இல்லை, ஏழு வயது மகள் மட்டும். அவளுக்கு ஆபீஸில் வைத்த பெயர் 'ஓசி'.

"ஓசியா? என்னய்யா பேரு இது?"

மச்சான் உதட்டைக் கோணினான்.

"காசு கட்டி வாங்குற சாஃப்ட்வேர்லதான் உலகமே வேலை பாக்குது சார். இந்தம்மா மட்டும் நெட்டுல சும்மா கிடைக்குற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்ல படம் பண்ணும். நாங்க ரெஸ்டாரண்ட்ல சாப்பிட்டா அது அன்னதான வரிசையில நிக்கும். அதான் ஓசி."

"சும்மா கிடைச்சா மட்டமா?" என்றாள் ஓசி. "ஊர்பட்ட பேர் சேர்ந்து எழுதி எல்லாருக்கும் பொதுவா விட்டிருக்காங்க சார். ஆறு வருஷமா அதுலதான் சோறு திங்கறேன்."

"அந்தச் சோத்துலதான் நேத்து மண்ணு விழுந்துச்சு! சொல்லு, சார்கிட்ட சொல்லு!"

ஓசி தலையைக் குனிந்தாள்.

மச்சானே சொன்னான். குழந்தை பிஸ்கெட் லேபிள். பத்தாயிரம். திரையில் தக்காளிச் சிவப்பாக இருந்தது, அச்சில் காய்ந்த செங்கல் நிறத்தில் வந்து நின்றது. முதலாளி எல்லார் எதிரிலும் கத்தினார். 'நாளையிலேர்ந்து வராதே' என்றார்.

"அச்சு மைக்கு நிறத்தைத் தனியா மாத்தணும் சார். என் சாஃப்ட்வேர்ல அது கொஞ்சம் சுத்து வேலை. அவசரத்துல விட்டுட்டேன். என் தப்புதான்."

"வேலைக்கு வராதேன்னு சொன்ன இடத்துக்கு இன்னைக்கு எதுக்கும்மா வந்தே?"

"அவரே நேத்து சாயங்காலம் வீட்டுலேர்ந்து போன் பண்ணார் சார். 'உன் சாஃப்ட்வேர்ல பண்ணின ஒரு ஃபைல் ஆபீஸ்ல கிடைச்சிருக்கு, நீ பண்ணதில்லைன்னு தெரியும், ஒன்பதரைக்கு வந்து பாரு'ன்னார். வந்தேன். கதவைத் திறந்தா..."

"என்ன ஃபைல்?"

"தெரியாது சார்."

"வசதியா தெரியாது! போன் பண்ணவர் எந்திரிச்சு வந்து சாட்சி சொல்லப் போறாரா என்ன?"

சோபாவிலிருந்து ஒரு விசும்பல்.

"கேமராவைப் பாருங்க சார்! வாசல் கேமராவைப் பாருங்க... என் தெய்வத்தை எவ கொன்னான்னு அது சொல்லும்!"

இன்ஸ்பெக்டர் மச்சானைப் பார்த்தார்.

"வருகைக் கேமரா சார்" என்றான் மச்சான். "காலையில மாமா வந்து ஆன் பண்ணுவார். அதுலேர்ந்து பத்து மணி வரைக்கும் யார் கதவைத் திறந்து உள்ள வந்தாலும் ஒரு போட்டோ எடுக்கும். அடியில தேதியும் நேரமும் போட்டு, வரிசை நம்பரோட பொது ஃபோல்டர்ல விழும். மாமா தினம் காலையில எல்லார் போட்டோவையும் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டுல குத்தி வைப்பார். எவன் எத்தனை மணிக்கு வந்தான்னு ஊருக்கே தெரியணுமாம்."

"நல்ல பழக்கம்! வேலைக்கு வந்தவனை எல்லாம் திருடன் மாதிரி..." இன்ஸ்பெக்டர் முகம் சுளித்தது. "இன்னைக்கு பிரிண்ட் எங்க?"

கான்ஸ்டபிள் பிரிண்டர் தட்டிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்து வந்தார்.

வாசல் கதவு. உள்ளே கால் வைக்கும் ஒரு பெண்.

ஓசி!

அடியில் இன்றைய தேதி. நேரம்... எட்டு பத்து!

"ஒன்பதரைக்கு வந்தேன்னே?" இன்ஸ்பெக்டர் தாளை அவள் மூக்குக்கு நேராக ஆட்டினார். "எட்டு பத்துக்கு வந்து அடிச்சுட்டு, வெளிய போய், ஒன்பதரைக்குத் திரும்ப வந்து அலறல்! வயசுக்கு வந்த பொய்யா ஒண்ணு சொல்லக்கூடாதா?"

"சார்... இது நானில்லை!"

"உன் மூஞ்சி இல்லையா இது?"

"மூஞ்சி என்னோடதுதான். ஆனா இன்னைக்கு எடுத்ததில்லை! இந்தப் பச்சைப் புடவையைப் போன வாரம் கட்டினேன் சார். இப்ப என்ன கட்டியிருக்கேன், பாருங்க!"

அவள் கட்டியிருந்தது மஞ்சள்.

"அதுக்கென்ன? ரத்தம் தெறிச்சிருக்கும். போய் மாத்திட்டு வந்தா!" என்றான் மச்சான்.

"அதே!" என்றார் இன்ஸ்பெக்டர். "விலங்கு மாட்டுய்யா."

க்ளிக்!

"சார், எனக்கு வேற யாருமில்லை சார்!" என்று அழுதாள் ஓசி. "நான் உள்ள போனா என் பொண்ணைக் கொண்டுபோய் ஏதோ ஒரு ஹோம்ல தள்ளிடுவாங்க. அவளுக்கு இருட்டுன்னா பயம் சார். ஒரு தடவை அந்த ஃபைலைத் திறந்து பாருங்க! தாளைப் பார்க்காதீங்க, ஃபைலைப் பாருங்க!"

இன்ஸ்பெக்டருக்கு அழுகிற பெண்களைப் பிடிக்காது. அதைவிட அரைகுறையாக விட்ட வேலையைப் பிடிக்காது.

"திறய்யா" என்றார் மச்சானிடம்.

பொது ஃபோல்டரில் இன்றைக்கு மூன்றே ஃபைல். இரண்டாவதில் ஒன்பது முப்பத்தொன்றுக்கு மஞ்சள் புடவையில் ஓசி. மூன்றாவதில் ஒன்பது நாற்பத்தைந்துக்கு மச்சான்.

முதல் ஃபைல்... எட்டு பத்து...

திறக்கவில்லை! 'இதைக் காட்ட முடியாது' என்று ஒரு பெட்டி மட்டும் வந்தது.

"உன் காசு சாஃப்ட்வேர்ல திறந்து பாரேன்."

மச்சான் கம்பீரமாக ஐகானைத் தட்டினான்.

வட்டம் சுற்றியது.

சுற்றியது.

இன்னும் சுற்றியது.

"என்னய்யா, மாவு அரைக்குதா?"

"பெரிய சாஃப்ட்வேர் சார்... கொஞ்சம் டைம் எடுக்கும்." மச்சானின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாகக் கிளம்பியது.

கடைசியில் அதுவும் கையை விரித்தது. இது என்ன வகை ஃபைல் என்றே தெரியவில்லையாம்.

"கரெப்ட் ஆயிடுச்சு சார். விடுங்க. அதான் பிரிண்ட் இருக்கே!"

"என் மெஷின்ல திறங்க சார்" என்றாள் ஓசி.

"உன் கையில ஆதாரத்தைக் குடுக்க நான் என்ன கேனையனா?"

"என் கை விலங்குலயே இருக்கட்டும். கான்ஸ்டபிள் சார் திறக்கட்டும். நான் வாயால சொல்றேன். மவுஸைக்கூடத் தொட மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் யோசித்தார். சுளித்தார். தலையாட்டினார்.

கான்ஸ்டபிள் ஓசியின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நாற்காலி முனகியது.

"அந்த நரி பொம்மை ஐகானா?"

"இல்ல சார், பக்கத்துல இருக்கு பாருங்க. அதான். இப்ப அந்த ஃபைலை இழுத்து உள்ள போடுங்க."

போட்டார்.

ஒரே நொடி.

படம் திறந்தது!

மச்சானின் வாயும் திறந்தது.

"எப்படிம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். "அத்தனை பெரிய சாஃப்ட்வேர் முழிச்சுது. இது எப்படித் திறக்குது?"

"ஏன்னா அது போட்டோவே இல்ல சார். இந்த சாஃப்ட்வேரோட சொந்த ஃபைல். இதுல 'சேவ்'னு குடுத்தா போட்டோ ஆகாது. செஞ்ச வேலையை அப்படியே அடுக்கடுக்காக் கட்டி வைக்கும், அவ்வளவுதான். போட்டோவா வேணும்னா 'எக்ஸ்போர்ட்'னு தனியா ஒண்ணு இருக்கு. புதுசா வர்ற அத்தனை பேரும் இந்த ஒரு இடத்துலதான் இடறி விழுவாங்க. யாரோ சேவ் பண்ணிட்டு, போட்டோ மாதிரி தெரியட்டும்னு ஃபைல் பேரோட வாலை மட்டும் மாத்தி வச்சிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். தன்னை மாட்டிவிட ஒரு போட்டோவைத் தானே செய்து தட்டில் வைத்துவிட்டுப் போகிற கொலைகாரி உலகத்தில் உண்டா? அவருக்கே தன் மேல் ஒரு சுளிப்பு வந்தது.

"அடுக்குன்னியே... அது என்ன?"

"வலது பக்கம் பாருங்க சார். ரெண்டு லேயர் இருக்கு. மேல இருக்கறது வெட்டி ஒட்டின நான். அடியில இருக்கறது நிஜமாவே இன்னைக்கு எட்டு பத்துக்குக் கேமரா எடுத்தது."

"அப்படின்னா... அடியில..."

"உண்மையா உள்ள வந்தவங்க மூஞ்சி இருக்கும் சார்!"

தடால்!

மச்சான் வாசலைப் பார்த்துப் பாய்ந்தான். இன்ஸ்பெக்டர் காலை நீட்டினார். மச்சான் குப்புற விழுந்தான். அடுத்த விநாடி அவன் காலர் இன்ஸ்பெக்டரின் கையில் இருந்தது.

"எங்கடா ஓடறே? ஏன்டா கொன்னே? சொல்லு!"

"ஐயோ சார்! நான் கொல்லலை சார்! சாஃப்ட்வேர்தான் சார் திருட்டு!"

"என்னது?"

"என் மெஷின்ல இருக்கறது திருட்டுக் காப்பி சார்! காசே கட்டலை! பூட்டை உடைச்சுப் போட்டு நாலு வருஷமா ஓட்டறேன். நீங்க மெஷின் மெஷினா நோண்டினா மாட்டிப்பேன்னு பயந்துட்டேன் சார்!"

ஓசி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஆறு வருஷம் இவன் வாயிலிருந்து 'ஓசி, ஓசி' என்று கேட்டவள்!

"த்தூ!" என்றாள்.

"கதை விடாதே. ஸ்டேஷன்ல பேசிக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். "யோவ், மேல் லேயரைத் தூக்குய்யா. இவன் மூஞ்சியை இவனுக்கே காட்டுவோம்."

"லேயர் பக்கத்துல ஒரு கண்ணு படம் இருக்கு பாருங்க சார். அதை ஒரு தட்டு தட்டுங்க" என்றாள் ஓசி.

கான்ஸ்டபிள் தட்டினார்.

பச்சைப் புடவை ஓசி திரையிலிருந்து காணாமல் போனாள்.

அடியில் இருந்த முகம் தெரிந்தது.

கான்ஸ்டபிள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"சார்... இது..."

வாசல் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது... முதலாளியின் மனைவி!

சோபாவில் விசும்பல் டப்பென்று நின்றது. குழாயை மூடின மாதிரி!

"அக்கா...?" என்றான் மச்சான், தரையில் கிடந்தபடியே.

அவள் கண்ணைத் துடைத்தாள். துடைத்த பிறகு அந்தக் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அது பொய். இந்த ஓசி எதையோ நோண்டி வச்சிருக்கா."

"அவ கை விலங்குல இருக்கும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "உங்களுக்கு இந்த சாஃப்ட்வேர் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? நான் வீட்டுல இருக்கறவ!"

"தெரியும் சார்." ஓசி மெதுவாக நிமிர்ந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "நான்தான் சொல்லிக் குடுத்தேன். ரெண்டு மாசம் முன்னாடி மத்தியானத்துல வருவாங்க. 'வீட்டுல போரடிக்குது, இதுக்குத்தான் காசும் வேணாம், கணக்கும் வேணாம், சொல்லிக் குடேன்'னாங்க. வெட்டறது, ஒட்டறது, எழுத்து மாத்தறது, பிரிண்ட் எடுக்கறது, எல்லாம் கத்துக்கிட்டாங்க. எக்ஸ்போர்ட் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சேன். 'தாள்ல வந்தா போதும், மிச்சம் எனக்கெதுக்கு'ன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க."

"தாள்ல என்னம்மா வேணும் உங்களுக்கு? அப்படி என்ன பிரிண்ட் எடுத்தீங்க?"

கான்ஸ்டபிள் அதற்குள் அதே மெஷினிலிருந்து முதலாளியின் தனி ஃபோல்டருக்குள் நுழைந்திருந்தார். அவருக்கு இப்போது கை பழகிவிட்டது.

"சார், இங்க வாங்க. லேபிள் சார். குழந்தைங்க இருமல் டானிக். ஒரே லேபிள், பத்துப் பன்னெண்டு ஃபைல் இருக்கு. மேல் லேயர்ல காலாவதித் தேதி அடுத்த வருஷம்..."

"அடியில?"

கான்ஸ்டபிள் கண்ணைத் தட்டினார்.

"மூணு வருஷத்துக்கு முந்தின தேதி சார்!"

எத்தனையோ பிணம் பார்த்த இன்ஸ்பெக்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க கிடைச்சுது டானிக்?"

"எங்கப்பா குடோன்ல தேங்கிக் கிடந்தது." முதலாளியின் மனைவியின் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. "கொட்டறதுக்கு மனசு வரலை. அவர் எப்படியோ ஃபைலைப் பார்த்துட்டார். நேத்து போன்ல இவளை வரச் சொன்னதைக் கேட்டேன். இவ வந்து பார்த்தா என் கைவேலைன்னு ஒரே நிமிஷத்துல சொல்லிடுவா. காலையில அவர் பின்னாடியே வந்து கெஞ்சினேன். 'பத்து மணிக்குப் போலீஸுக்குப் போறேன்'னு சொல்லிட்டுத் திரும்பி உட்கார்ந்துட்டார். ஸ்டேப்ளர் கையில கிடைச்சுது."

"கேமரா போட்டோவை அழிச்சிருக்கலாமே?"

"நம்பர் ஒண்ணு குறைஞ்சா தம்பி கண்டுபிடிச்சுடுவான். அதான் இவளை ஒட்டினேன்."

"சின்னப் பிள்ளைங்க குடிக்கிற மருந்தும்மா!" இன்ஸ்பெக்டர் கத்தினார். "மனசாட்சின்னு ஒண்ணு கிடையாதா?"

"சின்னப் பிள்ளைங்கதானே? ரெண்டு ஸ்பூனுக்கு மேலயா குடிக்கப் போறாங்க?"

அடிப்பாவி! இதைச் சொல்லும்போது அவள் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்!

ஓசி எழுந்தாள்.

"மேடம்... சொல்லிக் குடுத்ததுக்கு நன்றின்னு சொல்லி எனக்கு ஒரு பாட்டில் குடுத்தீங்களே... என் பொண்ணுக்கு..."

முதலாளியின் மனைவி முதல்தடவையாகத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"ரெண்டு நாள் வாந்தி எடுத்தாளே! ராத்திரியெல்லாம் மடியில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேனே! நீங்க போன் பண்ணி 'குழந்தை எப்படி இருக்கா'ன்னு விசாரிச்சீங்களே!"

இன்ஸ்பெக்டர் சாவியை எடுத்து ஓசியின் விலங்கைக் கழற்றினார்.

கழற்றிவிட்டு, சுவரில் இருந்த காலண்டரை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார். கான்ஸ்டபிளும் வந்து கூடவே படித்தார்.

பளார்!

பளார்!

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது சார்."

"குழந்தை இப்ப எப்படி இருக்கு?"

"தேறிட்டா சார். ஸ்கூலுக்குப் போயிருக்கா."

"மிச்சம் இருக்கற பாட்டிலைக் கொண்டுவந்து குடு. ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிடு. போம்மா, போய்க் குழந்தையைப் பாரு." அவர் முதலாளியின் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார், அழுகிய பழத்தை எடுத்துப் போடுகிற மாதிரி இரண்டே விரலால். "யோவ், இவங்களுக்கு மாட்டு. குடோனுக்கு ஆள் அனுப்பு. ஒரு பாட்டில் வெளிய போகக்கூடாது. போன பாட்டில் அத்தனையும் திரும்பி வரணும்."

"இவரை சார்?" கான்ஸ்டபிள் தரையில் கிடந்த மச்சானைக் காட்டினார்.

"அந்தப் பூட்டு உடைச்சவனையா? அவனையும் ஏத்து. கம்பெனிக்காரன் வந்து பேசிக்கட்டும்."

எல்லாரையும் ஜீப்பில் ஏற்றியாயிற்று. ஓசி தன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கான்ஸ்டபிள் அவள் பின்னாலேயே ஓடினார்.

"அம்மா... ஒரு சின்ன உதவி. அந்த ஃப்ரீ சாஃப்ட்வேரை என் வீட்டு கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுப்பீங்களா? அடுத்த வாரம் மெடிக்கல் செக்கப். ஃபைல்ல முழு உருவப் போட்டோ வைக்கணும். தொப்பையை மட்டும் லேசா..."

ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டரின் தலை வெளியே வந்தது. முகம் இருபத்திரண்டு வருஷம் காணாத அளவுக்குச் சுளித்திருந்தது.

"யோவ்! எவனாவது கண்ணைத் தட்டினா அடியில அப்படியே தொங்கும்யா! அதுக்கு ஃப்ரீ சாஃப்ட்வேரும் வேணாம், காசு சாஃப்ட்வேரும் வேணாம்... ஜீப்புல ஏறாதே! ஸ்டேஷன் வரைக்கும் ஓடி வா!"